கார் ஏசிக்கு வீட்டிலேயே கேஸ் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கத்திரி வெயில் தொடங்கியதும் "ஏசி கூலிங் பத்தவில்லை, கேஸ் போட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்க ஆரம்பிப்பார்கள். இப்போது மீட்டரும் ஹோஸும் சேர்ந்த சின்ன கேஸ் கேன் ஆன்லைனில் கிடைப்பதால், "நானே போட்டுக்கலாமா?" என்ற கேள்வியும் கூடவே வருகிறது. சில நேரம் போடலாம், பெரும்பாலும் வேண்டாம். எது எப்போது என்று புரியும்படி, திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

வருஷா வருஷம் ஏசி கேஸ் தீர்ந்துபோகுமா?

தீராது. பெட்ரோல் மாதிரி எரிந்து செலவாகிற பொருள் இல்லை அது. கம்ப்ரெஸர், கண்டென்சர், எக்ஸ்பேன்ஷன் வால்வு, கூலிங் காயில் என்று மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. கம்ப்ரெஸர் அழுத்தும்போது சூடாகி, முன்னால் இருக்கும் கண்டென்சரில் வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. வால்வின் சின்னத் துளை வழியாகப் பாய்ந்து, டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள கூலிங் காயிலில் ஆவியாகும்போது காரின் உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொள்கிறது. மறுபடியும் கம்ப்ரெஸருக்குப் போகிறது. இதில் எங்கேயும் கேஸ் குறைய வழியில்லை.

ரப்பர் ஹோஸ், ஓ-ரிங் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவது உண்மைதான். ஒரு கூலிங் காயில் உள்ள காருக்கு வருஷத்துக்கு 40 கிராம்தான் அதிகபட்சம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2006-இலேயே வரம்பு வைத்தது. நல்ல நிலையில் உள்ள கார் அதையும்விடக் குறைவாகவே இழக்கும். அதனால் ஏழெட்டு வருஷம் ஓடிய காரில் கூலிங் லேசாகக் குறைந்தால் அது இயல்பு. போன வருஷம் போட்ட கேஸ் இந்த வருஷம் இல்லையென்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. "வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் மாத்தணும் சார்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

கூலிங் குறைந்ததற்குக் கேஸ்தான் காரணம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் கேஸ் அல்லாத காரணங்களை ஒதுக்குங்கள். இதற்குக் காசு செலவில்லை.

க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். தூசியும் இலையும் அடைத்திருந்தால் காற்று வருவதே குறைந்துவிடும். காற்று ஜில்லென்று இருக்கிறது, ஆனால் வேகமாக வரவில்லை என்றால் கேஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்து பானெட்டைத் திறந்து, ஏசியைப் போட்டுவிட்டு முன்னால் உள்ள ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஓடும்போது நல்ல குளிர், சிக்னலில் நின்றால் சூடு என்பவர்களுக்கு முக்கால்வாசி நேரம் ஃபேன்தான் கோளாறு. இல்லாவிட்டால் கண்டென்சரின் தகடுகளுக்குள் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கும். மெதுவான தண்ணீரில் கழுவினாலே வித்தியாசம் தெரியும். பிரஷர் வாஷரைக் கிட்டே வைத்து அடித்தால் தகடுகள் மடங்கிவிடும், கவனம்.

முதல் அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றே வராமல் போய், ஏசியை நிறுத்தி வைத்தால் மறுபடி சரியாகிறதா? கூலிங் காயிலில் பனி கட்டுகிறது. சென்சரையும் ஃபில்டரையும் பார்க்க வேண்டும்.

கேஸ் குறைந்த காரின் அடையாளம் வேறு. கூலிங் ஒரே நாளில் போகாமல், வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வரும். கிளட்ச் உள்ள கம்ப்ரெஸரானால் "டக்" என்று சேர்ந்து, சில விநாடிகளில் "டக்" என்று விட்டு, மறுபடி சேரும். பானெட்டுக்குள் இரண்டு அலுமினியக் குழாய்களில் பருமனானதைத் தொட்டுப் பாருங்கள். நல்ல ஏசியில் அது ஜில்லென்று, வியர்த்து, தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். கேஸ் குறைந்த காரில் அது வெதுவெதுப்பாக, காய்ந்து கிடக்கும். தொடும்போது பெல்ட்டும் ஃபேனும் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

என் காரில் என்ன கேஸ் இருக்கிறது?

பானெட்டின் உள்பக்கத்திலோ ரேடியேட்டருக்கு மேலே உள்ள தகட்டிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கேஸின் பெயரும் அளவும் கிராமில் அதில் அச்சாகியிருக்கும். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் ஆர்-134ஏ. சின்ன ஹேட்ச்பேக் என்றால் ஏறக்குறைய 350 முதல் 500 கிராம். பின் சீட்டுக்கும் தனிக் கூலிங் காயில் உள்ள பெரிய வண்டிகளில் அதைவிடக் கணிசமாக அதிகம். உங்கள் காருக்கான எண் ஸ்டிக்கரில் உள்ளதுதான். அதே மாடலில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும்கூட மாறும்.

வெளிநாட்டிலிருந்து வந்த சில புதிய கார்களில் ஆர்-1234ஒய்எஃப் இருக்கும். ஐரோப்பாவில் 2017 முதல் விற்கும் எந்தப் புதுக் காரிலும் ஆர்-134ஏ கூடாது என்பதால் வந்த மாற்றம் அது. விலை பல மடங்கு அதிகம், லேசாகத் தீப்பற்றும் தன்மையும் உண்டு. அந்தக் கார் உங்களிடம் இருந்தால் வீட்டு வேலையே வேண்டாம். மிகப் பழைய கார்களில் இருந்த ஆர்-12, ஓசோன் படலத்தைக் கெடுத்ததால் 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் படிப்படியாக நிறுத்தப்பட்டது.

வீட்டு ஏசி கேஸ் கையில் இருக்கிறது. அதைப் போட்டால் என்ன?

போடவே கூடாது. வீட்டு ஏசியில் வரும் ஆர்-22, அதே வெப்பத்தில் ஆர்-134ஏ-வைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அழுத்தம் கொடுக்கும். இப்போதைய ஸ்ப்ளிட் ஏசிகளில் உள்ள ஆர்-32, ஆர்-410ஏ இரண்டும் இரண்டு மடங்குக்கும் மேல். கார் ஹோஸும் கண்டென்சரும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆயிலும் ஒத்துப்போகாது.

எல்பிஜி கலந்த கேஸ் "நல்லா கூல் ஆகும்" என்று சிலர் போடுகிறார்கள். கூல் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் கூலிங் காயில் இருப்பது உங்கள் முழங்காலுக்கு முன்னால், டாஷ்போர்டுக்குள்ளே. அங்கே கசிந்தால் கண்ணாடி ஏற்றிய காருக்குள்தான் சேரும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு எல்பிஜி கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். குடும்பத்தோடு போகும் வண்டியில் இந்தச் சோதனை வேண்டாம்.

அப்படியானால் வீட்டில் யார்தான் போடலாம்?

கார் ஆர்-134ஏ-வாக இருக்க வேண்டும். கம்ப்ரெஸர் ஓட வேண்டும். கூலிங் முழுக்கப் போகாமல், பல மாதங்களில் மெதுவாகக் குறைந்திருக்க வேண்டும். சிஸ்டத்தை அண்மையில் யாரும் பிரித்திருக்கக் கூடாது. இந்த நான்கும் பொருந்தினால், கொஞ்சமாக டாப்-அப் செய்து பார்க்கலாம்.

கேஸ் சுத்தமாகப் போய்விட்ட கார், விபத்தில் முன்பக்கம் அடிபட்ட கார், கம்ப்ரெஸரில் கரகர சத்தம் வரும் கார், ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார் ஆகியவற்றுக்கு வீட்டில் கேன் மாட்ட வேண்டாம்.

என்னென்ன சாமான் வேண்டும்?

ஆர்-134ஏ மட்டும் உள்ள கேன். "லீக் அடைக்கும்", "கூலிங் கூட்டும்" என்றெல்லாம் போட்ட கலவை வேண்டாம். கேனில் மாட்டும் டேப் வால்வு, மீட்டர் உள்ள ஹோஸ், லோ சைடுக்கான (அழுத்தம் குறைந்த பக்கக் குழாய்க்கான) கப்ளர், அதாவது ஹோஸைக் குழாயில் பொருத்தும் இணைப்பு. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கனமான கையுறை. காற்று வரும் துவாரத்தில் செருக ஒரு குச்சித் தெர்மாமீட்டர்.

இதோடு பலர் விட்டுவிடும் ஒரு சாமான்: சமையலறையில் மாவு நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு. எவ்வளவு உள்ளே போயிற்று என்பதைத் தராசு மட்டும்தான் சொல்லும். கேனை ஆட்டிப் பார்த்து "பாதி போயிருக்கும்" என்று சொல்வதெல்லாம் கணக்கில் சேராது.

எந்தக் குழாயில் மாட்டுவது?

பருமனான குழாயில், 'எல்' என்ற எழுத்துள்ள மூடி லோ சைடு. மெல்லிய குழாயில் 'ஹெச்' மூடி ஹை சைடு. கேன் எப்போதும் லோ சைடில்தான்.

நல்லவேளையாக, இரண்டு வாய்களின் அளவும் வேறு வேறாகச் செய்திருக்கிறார்கள். லோ சைடு கப்ளர் ஹை சைடில் உட்காராது. உட்காரவில்லையே என்று அடாப்டர் தேடிப் போட்டு மாட்டுபவர்கள் இருப்பதால்தான் இதைச் சொல்கிறேன். இன்ஜின் ஓடும்போது ஹை சைடில் 200 பிஎஸ்ஐ-க்கு மேல் அழுத்தம் இருக்கும். வெயில் நாளில் நின்ற இடத்தில் 250-ஐயும் தாண்டும். அது கேனுக்குள் திரும்பிப் பாய்ந்தால் கேன் உங்கள் கையிலேயே வெடிக்கும்.

சரி, எப்படிப் போடுவது? முறையாகச் சொல்லுங்கள்.

காரை நிழலில், காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். மூடிய ஷெட் வேண்டாம். ஆர்-134ஏ காற்றைவிட கனம், தரையோடு தங்கும்.

இன்ஜினைப் போடுவதற்கு முன்பே ஒரு சோதனை இருக்கிறது. கார் சில மணி நேரம் ஓடாமல் நின்றிருக்க வேண்டும். மீட்டரை லோ சைடில் மாட்டிப் படியுங்கள். உள்ளே கொஞ்சமாவது திரவ கேஸ் இருந்தால், அழுத்தம் வெளி வெப்பத்தைப் பொறுத்து நிற்கும்: 30 டிகிரியில் ஏறக்குறைய 97 பிஎஸ்ஐ, 35-இல் 114, 40-இல் 133. இதற்கு மிகவும் கீழே, நாற்பது ஐம்பதில் நின்றால் கேஸ் ஏறக்குறைய காலி என்று அர்த்தம். அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள். முள் பூஜ்யத்தில் இருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. வாக்யூம் போடாமல், அதாவது பம்பால் அந்தக் காற்றை உறிஞ்சி எடுக்காமல், கேஸ் ஏற்றுவது வீண். முள் சரியான இடத்தில் நிற்பதால் கேஸ் அளவு சரி என்றும் நினைத்துவிடாதீர்கள். 100 கிராம் இருந்தாலும் 400 கிராம் இருந்தாலும் நின்றுகொண்டிருக்கும் காரில் அதே அழுத்தம்தான் காட்டும்.

அதன்பின் இன்ஜினைப் போட்டு, ஏசியை முழுக் குளிருக்கும் ப்ளோயரை முழு வேகத்துக்கும் வையுங்கள். கதவுகளைத் திறந்து வைத்தால் கம்ப்ரெஸர் தொடர்ந்து ஓடும். ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து 1,500 ஆர்பிஎம் பிடிக்க ஒருவர் உள்ளே உட்கார்ந்தால் நல்லது. நடு துவாரத்தில் தெர்மாமீட்டரைச் செருகி, இப்போது என்ன காட்டுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கேனை ஹோஸோடு சேர்த்துத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹோஸுக்குள் காற்று இருக்கும். கப்ளரை மாட்டும் முன் கேன் வால்வை ஒரு கணம் லேசாகத் திறந்து, ஹோஸின் மறுமுனையில் 'சிஸ்' என்று வந்ததும் மூடிவிட்டால் அந்தக் காற்று வெளியேறிவிடும். சில கப்ளர்களில் இதற்குத் திருகைத் தளர்த்த வேண்டும்.

இப்போது கப்ளரை லோ சைடில் மாட்டி, கேனை நிமிர்ந்த நிலையில் பிடித்துக்கொண்டு வால்வைத் திறவுங்கள். நிமிர்ந்திருந்தால் ஆவி போகும். கவிழ்த்தால் திரவம் போகும். கம்ப்ரெஸர் ஆவியை அழுத்துவதற்கான எந்திரம். திரவம் உள்ளே வந்தால் அதன் வால்வு உடையும். "சீக்கிரம் ஏறும்" என்று கேனைக் கவிழ்த்துக் காட்டும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படிச் செய்ய வேண்டாம்.

30 முதல் 50 கிராம் போனதும் வால்வை மூடி, ஐந்து நிமிஷம் பொறுங்கள். தெர்மாமீட்டர் இறங்குகிறதா? பருமனான குழாய் வியர்க்கத் தொடங்குகிறதா? இறங்கினால் இன்னொரு 30 கிராம். மறுபடி ஐந்து நிமிஷம். அடுத்த தவணையில் தெர்மாமீட்டர் மேலும் இறங்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். மொத்தம் 100, 150 கிராம் போட்டும் பெரிய மாற்றம் இல்லையென்றால் பிரச்சினை வேறெங்கோ. கேனைக் காலி செய்வதால் அது தீராது.

முடிந்ததும் வால்வை மூடி, கப்ளரைக் கழற்றி, 'எல்' மூடியைத் திருகி மூடுங்கள். அந்தச் சின்ன மூடியும் கசிவைத் தடுக்கும் பாகம்தான். தொலைந்திருந்தால் புதிது வாங்கிப் போடுங்கள்.

துவாரத்தில் எத்தனை டிகிரி வந்தால் நல்லது?

வெளியே 35 டிகிரி இருக்கும்போது, கண்ணாடி ஏற்றி, உள்காற்றுச் சுழற்சியில் பத்து நிமிஷம் ஓடிய பிறகு 6 முதல் 12 டிகிரிக்குள் வந்தால் சரி. சென்னை, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரத்தைத் தண்ணீராக்கவே ஏசியின் பாதி பலம் போய்விடும். அதனால் அங்கே மேல்பக்கத்து எண்ணும், கோவை பக்கம் கீழ்பக்கத்து எண்ணும் எதிர்பார்க்கலாம்.

மீட்டர் முள் பச்சைக் கோட்டில் நிற்கிறது. அப்புறம் ஏன் கூலிங் இல்லை?

கேனோடு வரும் மீட்டர் ஒரு பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறது. ஏசியின் நோயைச் சொல்ல லோ, ஹை இரண்டும் சேர்ந்து வேண்டும். இரண்டும் குறைவு என்றால் கேஸ் குறைவு. இரண்டும் அதிகம் என்றால் கேஸ் அதிகம், அல்லது கண்டென்சருக்குக் காற்று போதவில்லை. லோ அதிகமாகவும் ஹை குறைவாகவும் இருந்தால் கம்ப்ரெஸர் தேய்ந்திருக்கிறது. லோ சைடு வாக்யூமுக்கே போனால் எக்ஸ்பேன்ஷன் வால்வு அடைப்பு. இவற்றில் பலவற்றைக் கேன் மீட்டரால் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று, பச்சைக் கோடு மிதமான வெயிலை மனதில் வைத்து அச்சடித்தது. நம் மே மாத மதியத்தில் சரியான அளவு கேஸ் உள்ள கார்கூட அந்தக் கோட்டைத் தாண்டும். புதிய கார்கள் பலவற்றில் கம்ப்ரெஸர் தன் கொள்ளளவைத் தானே மாற்றி லோ சைடை ஒரே அழுத்தத்தில் வைத்துக்கொள்ளும். அந்த வண்டியில் கேஸ் ஓரளவு குறைந்திருந்தாலும் கூடியிருந்தாலும் முள் ஒரே இடத்தில் நிற்கும்.

கொஞ்சம் அதிகமாகப் போட்டால் இன்னும் குளிருமா?

குறையும். கண்டென்சரில் கேஸ் திரவமாக இடம் வேண்டும். அந்த இடத்தை அதிகத் திரவம் அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறி, கூலிங் இறங்கும், இன்ஜின் இழுவையும் குறையும். அழுத்தம் எல்லை தாண்டினால் சென்சர் கம்ப்ரெஸரை நிறுத்திவிடும். மொத்தமே 380 கிராம் கொள்ளும் காரில் 60 கிராம் அதிகம் என்பது சின்ன விஷயமில்லை. போட்டுவிட்டோமே என்று வால்வை அழுத்திக் காற்றில் விட வேண்டாம். மெஷின் உள்ள இடத்தில் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள்.

வாக்யூம் போட வேண்டும் என்கிறார்களே, காசு பிடுங்கவா?

இல்லை, கேஸ் போடும் வேலையில் மிக முக்கியமான பகுதி அதுதான். சிஸ்டத்தைத் திறந்தாலோ கேஸ் முழுக்கப் போயிருந்தாலோ காற்றும் ஈரமும் உள்ளே புகுந்திருக்கும். காற்று கண்டென்சரில் திரவமாகாமல் அடைத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றும். ஈரம் எக்ஸ்பேன்ஷன் வால்வின் துளையில் பனியாக உறைந்து கேஸின் வழியை மறிக்கும்; மிச்சம் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும்.

வாக்யூம் பம்ப் அழுத்தத்தை இறக்கும்போது, உள்ளே இருக்கும் தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியே வந்துவிடும். அதற்கு நேரம் வேண்டும். அரை மணி நேரமாவது பம்ப் ஓட வேண்டும். பம்பை நிறுத்திய பிறகு பத்துப் பதினைந்து நிமிஷம் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்ப்பது அடுத்த படி. ஏறினால் லீக். ஐந்து நிமிஷம் பம்பை ஓட்டிவிட்டு "வாக்யூம் ஆச்சு" என்று சொன்னால், இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் காசுதான்.

லீக் எங்கே என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?

பல நேரம் கண்ணாலேயே முடியும். கேஸோடு ஆயிலும் கலந்து சுற்றுவதால், கேஸ் கசியும் இடத்தில் ஆயிலும் கசியும். அதில் தூசி படிந்து கருப்புப் பிசுக்காக நிற்கும். குழாய் சேரும் இணைப்புகள், கம்ப்ரெஸரின் முன்முனை, ஹோஸ் மடிப்புகள், கண்டென்சரின் கீழ் ஓரம் இவற்றை டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். கண்டென்சர் முன்னால் இருப்பதால் கல்லடி படும். கடலோரத்தில் உப்புக் காற்று தகடுகளைப் பொடியாக்கும். விரலால் தேய்த்தால் வெள்ளை மாவு மாதிரி உதிரும்.

சந்தேகப்படும் இடத்தில் கெட்டியான சோப்புத் தண்ணீரைத் தடவினால் பெரிய லீக்கில் நுரை எழும். சின்ன லீக்குக்கு மெக்கானிக் நைட்ரஜன் ஏற்றிப் பார்ப்பார். அல்லது யூவி சாயம் விட்டு, சில நாள் ஓட்டியபின் நீல விளக்கில் பச்சையாக ஒளிர்வதைத் தேடுவார்.

கையில் எட்டாதது கூலிங் காயில். மட்கிய இலைத் துணுக்கும் ஈரமும் சேர்ந்து அலுமினியத்தை அரிப்பதால் அதில் ஓட்டை விழுவது சகஜம். டாஷ்போர்டைப் பிரிக்க வேண்டிய வேலை என்பதால் செலவு அதிகம். வெளியில் எங்கும் பிசுக்கு இல்லாமல் கேஸ் மட்டும் குறைந்துகொண்டே போனால் அதைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

லீக்கை அடைக்கும் திரவம் விற்கிறார்களே?

வேண்டாம். காற்றும் ஈரமும் பட்டால் இறுகும் பசை அது. ஓட்டையில் இறுகுவது போலவே எக்ஸ்பேன்ஷன் வால்விலும் இறுகும், பிறகு கேஸை உறிஞ்சும் மெஷினுக்குள்ளும் போய் இறுகும். இதைப் போட்ட காரைத் தொடவே மறுக்கும் ஒர்க்‌ஷாப்கள் உண்டு. அவர்கள் மேல் தப்பில்லை. 20 ரூபாய் ஓ-ரிங்கில் தீர்ந்திருக்க வேண்டிய வேலை, இதனால் சிஸ்டம் முழுக்க மாற்றும் வேலையாகிவிடும்.

ஆயிலும் ஊற்ற வேண்டுமா?

டாப்-அப்புக்கு வேண்டாம். பாகம் மாற்றினாலோ பெரிய லீக்கில் ஆயில் போயிருந்தாலோ மட்டும், அந்தக் கம்ப்ரெஸருக்குச் சொன்ன ரகத்தில், சொன்ன அளவில் விட வேண்டும். பெரும்பாலும் பிஏஜி வகை; அதிலேயே 46, 100 என்று கெட்டித்தன்மை மாறும். காற்றிலுள்ள ஈரத்தை வேகமாக இழுத்துக்கொள்ளும் ஆயில் இது. திறந்து வைத்த பழைய பாட்டிலைப் பயன்படுத்தாதீர்கள். ஆயில் அதிகமானாலும் காயிலின் உட்சுவரில் படிந்து கூலிங்கைக் குறைக்கும். ஆயில் கலந்த கேனை வருஷா வருஷம் ஏற்றுபவர்களுக்கு நடப்பது இதுதான்.

ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார்களில் ஏன் கூடாது?

அவற்றின் கம்ப்ரெஸருக்குள்ளேயே உயர் மின்னழுத்த மோட்டார் இருக்கிறது; கேஸும் ஆயிலும் அந்த மோட்டார் சுருளின் மேலேயே பாய்கின்றன. அதனால் மின்சாரம் கடத்தாத பிஓஇ வகை ஆயில் போடுகிறார்கள். கேனிலோ ஹோஸிலோ ஒட்டியிருக்கும் கொஞ்சம் பிஏஜி ஆயில் கலந்தாலே மின்காப்பு பலவீனமாகி, கார் பழுது காட்டி நின்றுவிடலாம். எலெக்ட்ரிக் காரில் பேட்டரியைக் குளிர்விப்பதும் பல நேரம் இதே ஏசிதான். பழகிய ஆளிடம் விடுங்கள்.

கம்ப்ரெஸர் ஓடவே இல்லை. பிரஷர் ஸ்விட்சின் ஒயரை ஷார்ட் பண்ணி ஓட்டலாமா?

கூடாது. கேஸ் குறைந்தால் கம்ப்ரெஸரை ஓடவிடாமல் தடுப்பதற்காகவே அந்த ஸ்விட்ச். கம்ப்ரெஸருக்கு ஆயிலைத் திருப்பிக் கொண்டுவருவது கேஸின் ஓட்டம்தான். கேஸ் இல்லாமல் ஓட்டினால் உலோகத்தோடு உலோகம் உரசி, தூள் சிஸ்டம் முழுக்கப் பரவும். அதற்குப் பின் கம்ப்ரெஸர், கண்டென்சர், ட்ரையர் (ஈரத்தை உறிஞ்சும் பாகம்), வால்வு என்று ஒரு பெரிய பில் வரும். ஃப்யூஸ், ரிலே இரண்டையும் நீங்கள் பார்க்கலாம். அவை நன்றாக இருந்தால் மெக்கானிக்கிடம் போங்கள்.

விலை குறைந்த, பெயர் தெரியாத கேன் வாங்கலாமா?

இந்த ஒரு விஷயத்தில் பத்து ரூபாய் மிச்சம் பார்க்காதீர்கள். ஆர்-134ஏ என்று அச்சடித்த கேனுக்குள் வேறு கேஸை அடைத்து விற்பது உலகம் முழுக்க நடக்கிறது. அதில் மிக மோசமானது மெத்தில் குளோரைடு எனப்படும் ஆர்-40. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பற்றும் பொருளை உண்டாக்கும். கார் ஏசியோ முழுக்க அலுமினியம். 2011-இல், வியட்நாமில் சர்வீஸ் செய்யப்பட்ட குளிர்சாதனக் கப்பல் கன்டெய்னர்கள் சில இப்படிக் கலப்பட கேஸால் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண், எடை இல்லாத கேனை வாங்க வேண்டாம்.

கேஸ் கையில் பட்டால் என்ன ஆகும்?

ஆர்-134ஏ வெளிக்காற்றில் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் திரவம். தோலில் தெறித்தால் அந்த இடம் உறைந்து கொப்பளிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பட்டால் தேய்க்காமல் வெதுவெதுப்பான தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்து, கண் என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது. நெருப்பில் பட்ட கேஸ் நச்சுப் புகையாக மாறும்.

மிச்சமுள்ள கேனைக் காருக்குள்ளோ டிக்கியிலோ வைக்காதீர்கள். வெயிலில் நின்ற காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும். கேன் 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாத, நிழலான இடத்தில் வையுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் கடையில் வாங்கி அவரே போடுகிறாரே?

அங்கே பல மாநிலங்களில் சின்னக் கேனைப் பொதுமக்களும் வாங்கலாம். ஆனால் 2018 முதல், கழற்றியதும் தானாக மூடிக்கொள்ளும் வால்வு கேனில் கட்டாயம். கலிஃபோர்னியாவில் அதை 2010-இலேயே கட்டாயமாக்கி, காலிக் கேனைத் திருப்பித் தரக் கேனுக்கு 10 டாலர் டெபாசிட்டும் வைத்தார்கள். ஐரோப்பிய நாடுகளில் பயிற்சிச் சான்று இல்லாதவர்களுக்கு இந்த கேஸை விற்பதில்லை. நம் ஊரில் கிடைக்கும் கேன்கள் பலவற்றில் ஒருமுறை துளைத்தால் மூட வழியில்லை. டேப் வால்வைக் கழற்றினால் மிச்சம் முழுக்க வெளியே போய்விடும். அதனால் வால்வு கேனிலேயே இருக்கட்டும்.

பழைய கேஸைத் திறந்துவிட்டுப் புதிதாகப் போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். ஒரு கிலோ ஆர்-134ஏ காற்றில் கலந்தால், நூறு ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஒரு 450 கிராம் கேன் என்றால் 640 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வருவது 2.3 கிலோதான். அதாவது 280 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காரில் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு மூன்று முறை போய்வரலாம். அத்தனையும் 'புஸ்' என்று ஒரு நிமிஷத்தில். இந்த வகை கேஸ்களைக் குறைப்பதற்கென்றே 2016-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் கிகாலி திருத்தம் வந்தது. இந்தியா 2021-இல் அதை ஏற்றுக்கொண்டது.

மெக்கானிக்கிடம் போனால் என்ன கேட்க வேண்டும்?

"கேஸ் போடுங்க" என்று சொல்லாதீர்கள். "லீக் டெஸ்ட் பண்ணுங்க" என்று ஆரம்பியுங்கள். லீக்கைச் சரிசெய்யாமல் போடும் கேஸ் அடுத்த கத்திரிக்கு இருக்காது. பழைய கேஸை உறிஞ்சும் மெஷின் இருக்கிறதா, எத்தனை கிராம் வெளியே வந்தது, வாக்யூம் எவ்வளவு நேரம், எத்தனை கிராம் ஏற்றினார்கள் என்று கேளுங்கள். ஏற்றிய எடையைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஸ்டிக்கர் எண்ணோடு அது பொருந்த வேண்டும். சிஸ்டத்தைப் பிரித்திருந்தால் ட்ரையரையும் ஓ-ரிங்குகளையும் மாற்றச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். தராசைக் காட்டியே பதில் சொல்வார்.

கேஸ் போட்டபின் எப்படிக் கவனிப்பது?

அன்றைக்கே துவார வெப்பத்தையும் வெளி வெப்பத்தையும் குறித்து வையுங்கள். இரண்டு வாரம் கழித்து ஏறக்குறைய அதே வெயிலில் மறுபடி பாருங்கள். நான்கைந்து டிகிரி ஏறியிருந்தால் லீக் இருக்கிறது. இன்னொரு கேன் வாங்கக் கிளம்பாதீர்கள். மழைக்காலத்திலும் வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிஷம் ஏசியை ஓடவிட்டால் கம்ப்ரெஸரின் ஷாஃப்ட் சீல் ஆயில் பட்டு ஈரமாக இருக்கும். காய்ந்த சீல்தான் கசியத் தொடங்கும்.

காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறது. அது கேஸ் லீக்கா?

இல்லை. கேஸ் தண்ணீராகச் சொட்டாது. காற்றிலிருந்த ஈரம் கூலிங் காயிலில் பட்டு, ட்ரெயின் குழாய் வழியாக வெளியேறுகிறது. ஈரக்காற்று உள்ள நாளில் எவ்வளவு சொட்டினாலும் நல்லதே. சொட்டுவது நின்றுபோய், முன்சீட்டுக்காரரின் காலடிப் பாய் நனைந்திருந்தால் அந்தக் குழாய் அடைத்திருக்கிறது. காருக்கு அடியிலிருந்து அடைப்பை எடுத்துவிட்டால் போதும்.